வீடணன் வழியில் ஒரு யாத்திரிகன்

தமிழ் வழங்கும் நிலத்திற்கு வேங்கடத்தை வட எல்லையாகவும் குமரியைத் தென் எல்லையாகவும் வகுத்தது தொல்காப்பியப் பாயிரம். அவ் வட எல்லையின் அடிவாரத்தில் வாழ்பவர் நாம். காட்பாடியிலிருந்து புறப்படும் புகைவண்டி சித்தூரையும் பாகாலாவையும் கடந்து திருப்பதியை அணுகுங்கால், பெட்டிக்குள் ஒலிக்கும் பேச்சு தமிழிலிருந்து தெலுங்குக்கும், தெலுங்கிலிருந்து தமிழுக்கும் எத்தனை முறை மாறுகின்றது என்பதை இம்மலரைப் படிக்கும் குடும்பத்தார் அனைவரும் அறிவர். 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது; சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமும் ஆயிற்று. கோடுகள் மாறினும் வீட்டுக்குள் பேசும் மொழி மாறவில்லை. ஆயினும் நம் பிள்ளைகள் ஒரு நாள் நம்மைப் பார்த்து, 'நாம் யார்?' என்று கேட்கின்றனர். விடை கூற நாம் சற்றே தடுமாறுகின்றோம்.

இத்தடுமாற்றம் எனக்கு இரு மடங்கு உண்டு. நான் தெலுங்கர் நடுவே தமிழன். திருமலையின் நிழலில் வாழும் கிறித்தவன். ஆகவே, தன் அடையாளத்தைத் துன்பத்தின் வாயிலாகத் தேடிக்கொண்ட ஒருவனின் காப்பியத்தை இம்மலரில் ஆராய முற்படுகின்றேன். அது எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்.' பட்டமேற்ற புலவனல்லேன்; பி.ஏ. படித்து, நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தன். எனினும் ஒரு நூலைத் துன்பக் காலத்தில் படித்தவனுக்கு அதைப் பற்றிப் பேசச் சிறிது உரிமை உண்டு என்று நம்புகின்றேன்.

புலவரும் நூலும்

கிருஷ்ணபிள்ளை 1827-இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தார். கம்பன் கவியும் ஆழ்வார் பாசுரமும் ஒலித்த சூழலில் வளர்ந்தார். சாயர்புரத்தில் கிறித்தவக் கல்விநிலையமொன்றில் தமிழாசிரியராக அமர்ந்தது அவர் வாழ்வில் ஒரு திருப்பம். அவருக்கு முன்னரே தம்பி முத்தையா பிள்ளையும் நண்பர் தனக்கோடி ராஜுவும் கிறித்துவை ஏற்றனர். நெடுநாள் உள்ளப் போராட்டத்துக்குப் பின், 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரை ஏற்றார். சென்னையில் 'தினவர்த்தமானி' இதழிலும், பின்னர்ப் பாளையங்கோட்டையிலும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பணியாற்றினார். 1900-ஆம் ஆண்டு மறைந்தார்.

அவர்தம் பெருநூலாகிய 'இரட்சணிய யாத்திரிகம்' 'நற்போதகம்' என்னும் இதழில் பல ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்து, 1894-இல் நூலுருப் பெற்றது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களும், மூவாயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களும் கொண்டது. ஆங்கிலேயராகிய ஜான் பனியன் எழுதி 1678-இல் வெளிவந்த பயணக் கதையே இதன் முதனூல். அழிவுக்குரிய நகரில் வாழும் ஒருவன், முதுகில் பெருஞ் சுமையோடு, பேரின்ப நகர் நோக்கி நடக்கின்றான். சேறு, மலை, பள்ளத்தாக்கு, சந்தை, சிறை, ஆறு ஆகியவற்றைக் கடந்து அந்நகரை அடைகின்றான். கதை இவ்வளவே. ஆயின் அதை எழுதிய பனியன் 1660 முதல் 1672 வரை பன்னிரண்டு ஆண்டு சிறையில் வாடியவர். கண்பார்வையற்ற மகளை வெளியே விட்டு உள்ளே இருந்தவர். ஒருவர் சிறையை அறிந்தவர். மற்றவர் உறவின் பிரிவை அறிந்தவர். இரண்டு நூல்களும் துன்பத்தில் பிறந்தவையே.

'கிறித்தவக் கம்பர்' என்னும் பட்டம்

கிருஷ்ணபிள்ளையைக் 'கிறித்தவக் கம்பர்' என்று அழைப்பது மரபு. பட்டம் பெருமைக்குரியது; ஆனால் அளவுகோலாகக் கொள்ளின் புலவருக்கு அநீதி செய்வதாகும். விருத்தத்தின் ஓட்டத்திலும், நாட்டையும் நகரையும் புனையும் முறையிலும் கம்பனின் சாயல் இருப்பது வெளிப்படை. ஆனால் காப்பியத்தின் உயிரிலோ இருவரும் வேறுபடுகின்றனர்.

கம்பனின் இராமன் நாடு பெறும்போதும் காடு ஏகும்போதும் ஒரே முகத்தினன். துன்பம் அவனைக் காட்டுகின்றதேயன்றி ஆக்குவதில்லை. தான் யார் என்பதை அறியாது அவன் ஒருபோதும் அலைந்ததில்லை. யாத்திரிகனோ அலைபவன், வழியில் தவறுபவன், அஞ்சுபவன், அழுபவன். ஒவ்வொரு துன்பத்தின் பின்னரும் முன்னிருந்தவனாக அவன் இருப்பதில்லை. ஆகவே இராமனை வைத்து இவனை அளந்தால் இவன் சிறியவனாகவே தோன்றுவான்.

கம்பனுக்குள்ளேயே இவனுக்கு உறவினன் ஒருவன் உண்டு. அவன் வீடணன். அழிவு உறுதியாகிவிட்ட நகரில் பிறந்தவன் வீடணன். சொன்ன நல்லுரை செவிகொள்ளப்படாது, குலத்தைக் காட்டிக்கொடுத்தவன் என்னும் பழியோடு வெளியேறியவன். மாற்றார் கரையில் நின்று அடைக்கலம் வேண்டியவன். வைணவ மரபு அச்சரணாகதியைப் பெரிதும் போற்றுகின்றது. திருப்பதியில் வாழும் நமக்கு அடைக்கலம் என்னும் சொல்லின் கனத்தை யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வைணவனாகப் பிறந்து கம்பனில் ஊறிய ஒருவர், அழிவு நகரை விட்டோடும் ஒருவனைப் பாடப் புகுந்தபோது, இலங்கைக் கரையைக் கடந்த அவ்வுருவம் அவர் நெஞ்சில் நில்லாது போயிருக்குமா? இது என் ஊகமே. ஆயினும் யாத்திரிகனை வீடணனாகக் கண்டு படிப்போர்க்கு நூல் புதிதாகத் திறக்கின்றது. இராமனாகக் கண்டு படிப்போர்க்கு மூடியே கிடக்கின்றது.

பெயரில் ஒரு நுட்பம்

பனியனின் தலைவனுக்கு முன்னாளில் இருந்த பெயர் 'அருளிலான்' என்னும் பொருளுடையது. தன் பழம் பெயரைக் கூறும்போது அவன் நாணுகின்றான். கிருஷ்ணபிள்ளையோ தம் தலைவனை 'ஆத்தும விசாரி' என்கின்றார். விசாரித்தல் என்பது தேடுதல், ஆராய்தல், கவலுதல் என்னும் மூன்றையும் உள்ளடக்கும் சொல். புதிய வழியை அடையுமுன் இருந்த வாழ்வு வெறும் இருள் அன்று; அதுவும் ஒரு தேட்டமே என்பது இப்பெயரின் உட்கிடை. தாம் கற்ற கம்பனையும், தம் தாய் வணங்கிய வணக்கத்தையும் முற்றாகப் பழிக்க மனமில்லாத ஒருவரால்தான் இப்பெயரைச் சூட்ட முடியும்.

அடையாளம் பற்றி நம் நாட்டில் எழும் பூசல்கள் பலவும், பழையதைத் துறந்தாலன்றிப் புதியது வாராது என்னும் எண்ணத்தில் பிறப்பவை. கிருஷ்ணபிள்ளை துறந்தது உண்டு, துறவாததும் உண்டு. மொழியைத் துறக்கவில்லை. பத்தி இயக்கத்தின் குரலைத் துறக்கவில்லை. காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்னும் பெயராலேயே இசைப்பாக்களை அமைத்தார்.  வைணவராய்ப் பிறந்து கிறித்தவரான ஒருவர் சைவர் போற்றும் பெயரைத் தம் பாடலுக்கு இட்டமை, தமிழ் என்னும் வீட்டில் எல்லா அறைகளும் தமக்குரியன என்று அவர் கருதினமையைக் காட்டுகின்றது. 1899-இல் வெளிவந்த 'இரட்சணிய மனோகர'ப் பாடல்கள் சில இன்றும் தமிழ்த் திருச்சபைகளில் பாடப்படுகின்றன.

குமார பருவத்தின் கண்ணீர்

நூலின் சிகரம் எது என்று கேட்பின், குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளைக் கூறும் பகுதி என்பேன். பனியனின் கதையில் யாத்திரிகன் சிலுவையை அணுகுகின்றான். சுமை அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் விழுந்து மறைகின்றது. சில வரிகளில் அது முடிந்துவிடுகின்றது. ஆங்கில வாசகர்க்குச் சிலுவையின் வரலாறு மனப்பாடம். ஆதலின் பனியன் அதைக் கூற வேண்டுவதாயிற்றில்லை. கிருஷ்ணபிள்ளை அவ்விடத்தில் நின்றுவிடுகின்றார். கட்டுண்டு, ஏளனத்துக்கு மறுமொழி கூறாது, ஆளுநன் முன் நிற்கும் ஒருவரையும், அதைக் கண்டு நெஞ்சம் புண்ணாகும் நல்லோரையும் படலமாகவே விரித்துப் பாடுகின்றார்.

இது வெறும் விரிவுரை அன்று. முதனூலில் சுமை இறங்குவதே முதன்மை. தமிழ் நூலில் சுமை இறங்குதற்குக் காரணமானவரின் துன்பமே முதன்மை. நான் துன்புறுகின்றேன் என்னும் உணர்விலிருந்து, என் பொருட்டு ஒருவர் துன்புற்றார் என்னும் உணர்வுக்கு வாசகனை அழைத்துச் செல்கின்றார் புலவர். துன்பத்தில் நம்பிக்கை வளர்வது எங்ஙனம் என்னும் வினாவுக்கு அவர் தரும் விடை இதுவே: துன்பத்தின் காரணம் விளங்குவதால் அன்று, துன்பத்தில் நாம் தனித்தில்லை என்பது விளங்குவதால்.

ஐயக் கோட்டை

இவ்விடத்தில் என் கதையில் சிறிது கூற இசைவு தாருங்கள். 2021-ஆம் ஆண்டு மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், என் தந்தையார் சித்தூரில் காலமானார். திருநெல்வேலிச் சீமையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, எங்களோடு வாழ வந்தவர். பிறந்த மண்ணுக்கு அவரைக் கொண்டுசெல்ல இயலவில்லை. உறவினர் ஒருவரும் வர இயலவில்லை. ஞானப்பாட்டு இல்லை, மணியோசை இல்லை. அடக்கத்துக்குச் சென்றவர் என்னோடு நால்வர். அவருள் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்கு வைணவர். நெற்றியில் நாமத்தோடு வந்தவர். "சார், தலைமாட்டுப் பக்கம் நான் பிடிக்கிறேன்" என்பது மட்டுமே அவர் அன்று கூறிய சொல்.

அதன்பின் பல மாதங்கள் எனக்கு வழிபாடு கைகூடவில்லை. ஆலயத்தில் அமர்ந்திருப்பேன், நெஞ்சு அமராது. தந்தையாரின் பெட்டியைத் திறந்தபோது கிடைத்ததே அட்டை கிழிந்த இந்நூல். ஓரங்களில் பென்சிலால் அவர் பொருள் குறித்திருந்தார். இளமையில் இந்நூலை அவர் படிக்கச் சொன்னபோது, பண்புகளுக்கு ஆள்பெயர் சூட்டிய வறட்டுக் கதை என்று ஒதுக்கியவன் நான். இப்போது அவர்தம் குறிப்புகளைப் படிப்பதற்காகவே நூலைப் படித்தேன்; பின்னர் நூலுக்காகவே படித்தேன்; அதன்பின் முதனூலையும் தேடிப் படித்தேன்.

முதனூலில் ஓர் இடம் என்னைத் தடுத்து நிறுத்தியது. யாத்திரிகனும் அவன் தோழனும் குறுக்குவழியில் சென்று, ஐயக் கோட்டையில் அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் அகப்படுகின்றனர். புதன் காலை தொடங்கிச் சனி இரவு வரை இருட்சிறை. உங்கள் உயிரை நீங்களே மாய்த்துக்கொள்ளுங்கள் என்று அரக்கன் தூண்டுகின்றான். யாத்திரிகன் அதற்கு இசையவும் முற்படுகின்றான், தோழனே தடுக்கின்றான். சனி நள்ளிரவில் வேண்டத் தொடங்கி விடியல் நெருங்கியபோதுதான், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பது யாத்திரிகனுக்கு நினைவு வருகின்றது.

இதில் இரண்டு நுட்பங்கள் உள. ஒன்று, திறவுகோல் புறத்திலிருந்து வரவில்லை, முன்பே இருந்தது. மற்றொன்று, அத்தோழன் யார் என்பது. மாயச் சந்தையில் உண்மைக்காக ஒருவன் உயிர் துறந்ததைக் கண்டு, அதனால் வழிப்பயணம் மேற்கொண்டவன் அவன். ஆக, ஒருவனின் இறப்பு மற்றொருவனுக்கு நம்பிக்கையாகி, அந்நம்பிக்கை மூன்றாமவனின் உயிரைக் காக்கின்றது. நம்பிக்கை தனி மனிதனின் சேமிப்பு அன்று. கைமாறி வரும் கடன். என் தந்தையாரின் பென்சில் குறிப்புகளைப் பார்த்திருந்த எனக்கு இதை விளக்க உரையாசிரியர் வேண்டியிருக்கவில்லை.

நூலின் குறைகள்

புகழ்வது மட்டும் திறனாய்வு ஆகாது. நூலின் குறைகளையும் கூறியே ஆகவேண்டும்.

முதலாவது, நடை. அறவுரை விரியும் இடங்களில் கதை நின்றுவிடுகின்றது. வடசொற்கள் அடர்ந்து, அகராதியின் துணை இன்றிச் செல்ல இயலாத பகுதிகள் பல. அன்றைய நெல்லைத் திருச்சபையில் பெருந்தொகையினர் எளிய உழைப்பாளர். அவர்தம் துன்பத்தைப் போன்ற துன்பத்தையே இந்நூல் பாடினும், அவர்தம் செவிக்கு எட்டாத உயரத்தில் பாடியது. புலவர் மன்றத்தில் கிறித்தவத்துக்கு இடம் பெற்றுத் தந்தார். அம்மன்றத்தின் வாயிலுக்கு வெளியே நின்ற கிறித்தவர்க்கு வாயிலைத் திறந்தார் என்று கூற இயலாது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. யாத்திரிகன் நகரை விட்டு நீங்கும்போது தடுக்க வருவோர் இருவர்: வன்னெஞ்சன், மென்னெஞ்சன். ஒருவன் பிடிவாதத்தால் வர மறுப்பவன். மற்றவன் சிறிது தொலைவு வந்து, சேற்றைக் கண்டதும் திரும்புபவன். நகரிலேயே தங்குவோர்க்கு இக்கதையில் இவ்விரண்டன்றி வேறு முகம் இல்லை. இது பனியன் வகுத்த அமைப்பு. கிருஷ்ணபிள்ளை அதை மாற்றினாரல்லர். ஆனால் கம்பனைக் கற்றவர்க்கு இதனினும் உயர்ந்த ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வீடணன் வெளியேறினான்; கும்பகருணன் தங்கினான். போர்க்களத்தில் தம்பி வந்து அழைத்தபோதும், உண்ட சோற்றுக்கு நன்றி மறவேன் என்று மறுத்து, அவனைத் தழுவி, இராமனிடமே திரும்பிச் செல்லுமாறு விடை கொடுத்தான். நீங்கியவனும் சான்றோன், தங்கியவனும் சான்றோன் என்று பாடும் பெருநெஞ்சம் கம்பனுக்கு இருந்தது. இரட்சணிய யாத்திரிகத்தில் ஒரு கும்பகருணன் இல்லை.

இஃது ஏட்டளவில் நிற்கும் குறை அன்று. கிருஷ்ணபிள்ளையின் உற்றாருள் வைணவத்திலேயே நின்றோர் வன்னெஞ்சருமல்லர், மென்னெஞ்சருமல்லர். அவர்தம் கண்ணீரும் மெய்யான கண்ணீரே. பனியனே இதை உணர்ந்தார் போலும். முதற்பகுதியில் செவிகளைப் பொத்திக்கொண்டு மனைவி மக்களை விட்டோடிய தலைவனை எழுதியவர், 1684-இல் வெளிவந்த இரண்டாம் பகுதியில் அம்மனைவியையும் மக்களையும் அதே வழியில் நடக்கவைத்தார். அப்பகுதியிலும் கூட, தங்கியோருக்குப் பெருமை இல்லை, பின்தொடர்ந்தோருக்கே பெருமை.

தந்தையாரின் தலைமாட்டைத் தாங்கிய கைகளை நான் கண்டவன். அக்கைகளுக்குரியவரை இவ்விரு பெயர்களுள் எதனாலும் என்னால் அழைக்க இயலாது. நம்பிக்கை என்பது பிறர் நம்பிக்கையைத் தாழ்த்துவதால் வளர்வதன்று என்பதை எனக்குக் காட்டியது இந்நூல் அன்று. என் பக்கத்து வீடு. ஆனால் அதைக் காணும் கண்ணைத் தந்தது, இந்நூலுக்குப் பின்னே நிற்கும் கம்பன்.

நிறைவாக

சித்தூரில் கிறித்தவம் நேற்று வந்ததன்று. 1853-இல் அமைந்த ஆர்க்காட்டு மிஷனும், அதை நிறுவிய ஸ்கடர் சகோதரர்களும் இப்பகுதியில் தொண்டாற்றியது வரலாறு. கிருஷ்ணபிள்ளை சாயர்புரத்தில் ஆசிரியராக இருந்த அதே காலத்தில், நாம் வாழும் இம்மண்ணிலும் பலர் அதே வினாவோடு அலைந்திருப்பர்: 'வழி மாறியபின் நான் யார்?' அவர்கள் காப்பியம் எழுதவில்லை, வாழ்ந்து மறைந்தனர்.

அவ்வினாவுக்குக் கிருஷ்ணபிள்ளையின் வாழ்வும் நூலும் தரும் விடையை இவ்வாறு தொகுக்கலாம்: அடையாளம் என்பது பிறப்பில் பெற்று அப்படியே வைத்துக் காக்கும் பொருளன்று, வழிநடையில் உருப்பெறுவது. சேற்றில் விழுந்தவன், எழுந்தபின் தன் பெயரைத் தானே உரைக்கும்போது அப்பெயருக்குப் பொருள் வருகின்றது. ஆயினும் நடப்பவன் தன் தாய்மொழியிலேயே நடக்கின்றான். தன் முன்னோர் பாடிய பண்ணிலேயே அழுகின்றான். ஒரு வழியை விட்டு மற்றொரு வழியில் சென்றவர், தமிழை விட்டுச் செல்லவில்லை. நெல்லையில் பிறந்த அப்புலவரின் நூல், வேங்கடத்தின் அடியில் ஒரு குடும்பத்துக்குத் துணையாயிற்றென்றால், பாயிரம் கூறிய இரண்டு எல்லைகளும் அந்நூலில் சந்திக்கின்றன.

சென்ற ஆண்டு என் மகள், தெலுங்கு வழியில் படிப்பவள், தாத்தாவின் பென்சில் குறிப்புகளைச் சுட்டி, "அப்பா, இதை எப்படிப் படிக்கணும்?" என்று கேட்டாள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பித்து வருகின்றேன். ஒரு நாளைக்கு ஒரு பாட்டுக்கு மேல் செல்வதில்லை. இந்த வேகத்தில் நூலை முடிக்கப் பத்தாண்டு ஆகும். ஆகட்டும். பன்னிரண்டாண்டு சிறையிருந்தவரும், பல்லாண்டு திங்கள்தோறும் எழுதியவரும் விரைந்தாரல்லர்.